தலையணைராணி போட்ட பாலம்

அவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையில் இருக்கிறது. அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் ‘போய்ப்பாத்தியா அக்கா’. வாத்தியார்களுக்கு ‘போய்ப்பாத்தியா மேடம்’. அதுவும் முதுகுக்குப் பின்னால்தான், நேரில் சொல்ல யாருக்குத் தைரியம்?

பெயர் வந்த கதை பெரிய கதையெல்லாம் இல்லை. வரைபடத்தில் யார் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்தக் கேள்விதான்.

“அக்கா, இங்க ஒரு மாவு மில் இருக்குக்கா. புள்ளி வச்சிட்டேன்.”

“போய்ப் பாத்தியா?”

“சாட்டிலைட் படத்துல நல்லாத் தெரியுதுக்கா.”

“படத்துல தெரியறது கூரை. கூரைக்குக் கீழ மில்லு ஓடுதா, இல்ல மாடு கட்டியிருக்கான்னு போய்ப் பாத்தியா?”

இதையே ஐம்பது வயது தாண்டிய தலைமையாசிரியரிடமும் கேட்பாள். அவர் முகம் சுண்டிப் போகும். அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலை கிடையாது.

ஆசிரியர் பயிற்சி மையத்தில் அவள் வரைபடப் பயிற்சியாளர். வாரத்தில் ஐந்து நாள் ஐந்து பள்ளிக்கூடம். தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு கிழட்டு லேப்டாப், ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கையில் நீளப் பிடி வைத்த ஒற்றைச் சக்கரம். அதைத் தரையில் உருட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை மீட்டர் நடந்தோம் என்று காட்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் ‘டக்’ என்று சத்தம் போடும். அதோடு பஸ் ஏறினால், “என்னம்மா, வண்டியில மிச்சமெல்லாம் எங்க?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததே இல்லை.

பூகோள வாத்தியார்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கடல் தாண்டி இருக்கிற தேசத்தின் தலைநகரைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடுகிற சாக்கடை எங்கே போய்ச் சேருகிறது என்று கேளுங்கள், ஆளைக் காணோம்! இவர்களைத்தான் அவள் வெயிலில் தெருத்தெருவாக நடக்கவிட்டாள். மவுஸைத் தொடப் பயந்தவர்கள், “தப்பா அழுத்திட்டா வெடிச்சிடாதுல்ல மேடம்?” என்று கேட்டவர்கள் எல்லாரும் ஆறே மாதத்தில் தங்கள் தெரு விளக்குக் கம்பத்தை வரைபடத்தில் யாரோ இரண்டடி தள்ளி வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தார்கள். அதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

கால்வாய்க் கரைப் பள்ளிக்கூடத்தின் பூகோள வாத்தியார் அப்படி மாறியவர்களில் ஒருவர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘உருண்டை சார்’. எந்த வகுப்புக்குப் போனாலும் கக்கத்தில் உலக உருண்டையோடுதான் போவார். சட்டைக்குள்ளும் ஒன்று உண்டு. பிள்ளைகள் எந்த உருண்டையைச் சொல்கிறார்கள் என்று அவர் விசாரித்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன்.

“மேடம், எங்க ஸ்கூல இழுத்து மூடப் போறாங்களாம்.”

“என்ன சார் சொல்றீங்க?”

“நோட்டீஸ் வந்திருக்கு. அறுபது பிள்ளைங்களுக்குக் கீழ இருந்து, நடக்கிற தூரத்துல ஒரு கிலோமீட்டருக்குள்ள வேற ஸ்கூல் இருந்தா சேத்துடுவாங்களாம். எங்ககிட்ட அம்பத்தி மூணு பேரு. அக்கரை ஸ்கூலுக்கு அறுநூத்தி நாப்பது மீட்டர்னு போட்டிருக்கான். எந்தக் கணக்குல மேடம் அறுநூத்தி நாப்பது? என் வீடு அக்கரை ஸ்கூலுக்குப் பக்கத்துலதான். தினம் சைக்கிள் மிதிச்சு இந்தக் காலே தேஞ்சு போச்சு.”

வரும் வியாழக்கிழமை கல்வி அலுவலகத்தில் விசாரணை. ஆட்சேபம் இருந்தால் அன்றைக்கே ஆதாரத்தோடு வர வேண்டும். வரவில்லையென்றால் ஐம்பத்து மூன்று பேரும் அடுத்த மாதத்திலிருந்து அக்கரைக்குப் போக வேண்டியதுதான். முதல் வகுப்புக் குழந்தைகளும் உண்டு அதில்.

அவள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பினாள்.

எட்டாம் வகுப்பை இரண்டாகப் பிரித்தாள். ஒரு கூட்டம் சக்கரத்தை உருட்டியது, இன்னொரு கூட்டம் அவளுடைய போனில் வழியைப் பதிவு செய்துகொண்டே நடந்தது. இந்தப் பள்ளிக்கூட வாசலிலிருந்து மெயின் ரோட்டுப் பாலம் ஏறி அக்கரைப் பள்ளிக்கூட வாசல் வரை. சக்கரம் இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தோரு மீட்டர் என்றது. போன் இரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தெட்டு என்றது. சக்கரக்காரர்களுக்கும் போன்காரர்களுக்கும் கைகலப்பு வராத குறை.

வேறு யாராவது இருந்தால், “எப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு மேல, விடுங்கடா” என்றிருப்பார்கள். அவள் விடவில்லை.

“பதிமூணு மீட்டர் எங்கடா போச்சு? யார் முழுங்கினது?”

தேடினார்கள். பாலத்தடியில் இருந்த மூன்று மாடி வீட்டோரத்தில் போன் சிக்னல் தடுமாறி, முக்கில் திரும்பாமல் குறுக்கே வெட்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தது தையல்காரர் மகள். இரண்டாவது பெஞ்சில் உட்காருபவள். அவளிடம் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் மூன்று கேள்வி குட்டி போடும்.

குட்டி போட்டது. “அப்போ, ஆபீஸ்காரங்களுக்கு அறுநூத்தி நாப்பது எப்படிக்கா வந்துச்சு?”

அதுதான் அவளையும் காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அலுவலகம் பயன்படுத்துவது யார் வேண்டுமானாலும் சேர்ந்து வரையக்கூடிய பொது வரைபடம். அதையே லேப்டாப்பில் திறந்து, நடந்து போகும் வழியைக் கேட்டாள். நீலக்கோடு பள்ளிக்கூட வாசலில் புறப்பட்டது, மரக்கடைச் சந்தில் நுழைந்தது, நேராகக் கால்வாயைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது.

“ஐயோ! தண்ணிமேல நடந்து போயிடுச்சு!” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு சத்தம்.

உற்றுப் பார்த்தால் கால்வாயின் குறுக்கே சன்னமாக ஒரு புள்ளிக்கோடு. நடைபாலம்!

மொத்த வகுப்பும் மரக்கடைச் சந்துக்கு ஓடியது. உருண்டை சார் கடைசியில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சந்து முடிகிற இடத்தில் பாலம் இல்லை. குடிதண்ணீர்க் குழாய்தான் இருந்தது. இடுப்பளவு கனம், துருப்பிடித்த இரும்பு, சிமெண்டுத் தூண்கள் மேல் கரைக்குக் கரை போயிருந்தது. யாரும் ஏறக்கூடாது என்று இரண்டு முனையிலும் விசிறி மாதிரி ஈட்டிக் கம்பிகள். கீழே பத்துப் பன்னிரண்டு அடியில் பாசி பிடித்த தண்ணீர்.

“இதுவா பாலம்? நான் ஏறினா கரை சேர மாட்டேன், மாலை போட்ட போட்டோவுலதான் சேருவேன்” என்றார் உருண்டை சார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

“மேல இருந்து பாத்தா நேர்க்கோடு. பக்கத்துல நிழலும் விழுந்திருக்கு. யாரோ பாலம்னு நெனச்சு வரைஞ்சிட்டாங்க” என்று அவள் விளக்கினாள். சொல்லும்போது அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்கு நல்ல எரிச்சல். ஒரு எட்டு வந்து பார்த்திருந்தால் இந்த வம்பு உண்டா?

“யாருக்கா போட்டது?” என்றாள் தையல்காரர் மகள்.

“முனிசிபாலிட்டிதான்.”

“குழாய் இல்லக்கா. கோடு.”

வகுப்புக்குத் திரும்பினார்கள். எந்தக் கோட்டுக்கும் அதைப் போட்ட ஒரு கை உண்டு, ‘வரலாறு’ என்கிற பொத்தானை அமுக்கினால் யார், எப்போது என்று சொல்லிவிடும் என முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். பாடத்தை மறக்காத பெண் புள்ளிக்கோட்டின் மேல் அம்பைக் கொண்டுபோய் அமுக்கினாள். தேதி வந்தது, ஏழு வருஷத்துக்கு முந்தையது. அடியில் வரைந்தவர் பெயர்.

தலையணைராணி.

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது உருண்டை சார். “தலையணைராணியா? மகராசி, படுத்துக்கிட்டே போட்டிருப்பா போலிருக்கு!”

மனிதர் நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னார். அவள் படுத்துக்கொண்டுதான் போட்டாள்.

ஏழு வருஷத்துக்கு முன், போய்ப்பாத்தியா அக்காவின் மகள் வயிற்றில் இருந்தபோது, கடைசி நாலு மாதம் கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை ஒரு கூரியர் கம்பெனியில் விலாசம் பிரிக்கிற வேலை. ‘பச்சை கேட், எதிர் சந்து’ என்று மட்டும் எழுதி வரும் கவரைக்கூட வீடு சேர்த்துவிடுகிற கெட்டிக்காரி. அவளைக் கட்டிலில் போட்டால்? மூன்றாம் நாளே மின்விசிறியின் தூசியை எண்ணி முடித்துவிட்டாள். அந்தச் சமயம் ஊரில் வெள்ளம் வந்து வடிந்திருந்தது. வரைபடத்தில் இல்லாத தெருக்களைச் செயற்கைக்கோள் படம் பார்த்து வரைந்து தர ஆட்கள் வேண்டும் என்று ஒரு அறிவிப்பு வந்தது. முதுகுக்கு ஆறு தலையணை, மடியில் லேப்டாப். பெயர் கேட்டபோது கேலியாகத் ‘தலையணைராணி’ என்று தட்டிவிட்டவர் அவள் கணவர். நாலு மாதத்தில் பாதி ஊரை வரைந்தாள். மகள் பிறந்தாள், பயிற்சி மையத்து வேலை வந்தது, சொந்தப் பெயரில் புதுக் கணக்கு தொடங்கினாள். ராணியை அதோடு மறந்தே போனாள். பார்க்காமலே வரைந்த அந்தத் தெருக்களை எல்லாம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்போது தவித்த தவிப்புதான் பின்னால் ‘போய்ப் பாத்தியா’வாக வாயில் ஒட்டிக்கொண்டது. ஆனால் அவள்தான் போய்ப் பார்க்கவே இல்லையே!

அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். “சரி, பெல் அடிச்சிடுச்சு.”

“இன்னும் அடிக்கலையேக்கா” என்றாள் தையல்காரர் மகள்.

சாயங்காலம் வீட்டில் கணவர் கதையைக் கேட்டுவிட்டு முதலில் செய்த காரியம் சிரித்ததுதான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் துடைத்தால் போய்விடும் என்று நினைக்கிற ஆள்.

“இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கே? கம்முனு அழிச்சிட்டுப் போ. யாருக்குத் தெரியப் போகுது?”

“அழிச்சாலும் வரலாறுல நிக்குங்க. விசாரணைக்கு மூணு நாள் முன்னாடி பாலத்தைக் காணோம்னா, ஸ்கூல்காரங்களே அழிச்சிட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. போட்டவளே வந்து ‘நான்தான் தப்பாப் போட்டேன்’னு சொன்னாத்தான் எடுபடும்.”

“அப்ப சொல்லிடு.”

“ஈஸியாச் சொல்றீங்க. இத்தனை வருஷமா ஊர்ல இருக்கிற வாத்தியாரையெல்லாம் ‘போய்ப் பாத்தியா, போய்ப் பாத்தியா’ன்னு உசுர வாங்கியிருக்கேன். இனிமே யார் முகத்துல முழிப்பேன்?” குரல் உடைந்துவிட்டது. அவமானம் ஒரு பக்கம். அதற்கும் மேலே பயம். அந்த ஈட்டிக் கம்பியும் பாசித் தண்ணீரும், அதைத் தாண்டிப் போகச் சொல்லி அவள் கையால் போட்ட கோடும் கண்ணைவிட்டுப் போகவில்லை. மூன்று கிலோமீட்டர் சுற்ற முடியாத பிள்ளை ஒருநாள் இந்தக் குழாயில் ஏறத்தானே செய்யும்?

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். “தலையணைராணி யாருப்பா?”

“உங்கம்மாதான். நீ வயித்துக்குள்ள இருந்தப்போ.”

“அப்போ அந்தப் பாலத்த நானும் சேந்துதான் போட்டேனா?”

“நீ உதைச்சதுலதான் கோடு கோணிப்போச்சு” என்றார் அப்பா. அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுநாள் அவள் நேராக எட்டாம் வகுப்புக்குப் போனாள். உருண்டை சாரும் இருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“தலையணைராணி நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. தையல்காரர் மகள்தான் கேட்டாள், குத்திக்காட்டுவதற்காக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள.

“போய்ப் பாக்கலையாக்கா?”

“இல்லம்மா. பாக்கலை.”

உருண்டை சார் உலக உருண்டையை மேஜைமேல் வைத்தார். முகம் சிவந்திருந்தது. “சிரிச்சதுக்கு மன்னிச்சுக்கோங்க மேடம். ஆனா கோவம் கோவம்தான். எங்க ஸ்கூலு இது. உங்க ஒரு கோட்டால என் பிள்ளைங்க நடுத்தெருவுல நின்னிருக்கும்.”

“ஆமா சார்.”

“ஆபீஸ்ல இதையே அப்படியே சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“மாட்டேன் சார்.”

வியாழக்கிழமை கல்வி அலுவலகத்தில் அதிகாரி அம்மா காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இந்த வருஷம்தான் மாற்றலாகி வந்தவர். பேச்சில் நல்ல கறார். உருண்டை சார் நீட்டிய அளவுகளையும் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு ஓரமாகத் தள்ளினார்.

“வரைபடத்துல பாலம் இருக்கு. நீங்க இல்லைங்கறீங்க. இந்தப் படம் எந்தக் குழாயோ, யாருக்குத் தெரியும்? இதை ஒத்துக்கிட்டா நாளைக்கு ஒவ்வொரு ஸ்கூலும் ஒரு பாலத்தைக் காணோம்னு வந்து நிக்கும்.”

“பாலத்தைப் போட்டது நான்தான் மேடம்” என்றாள் அவள். லேப்டாப்பைத் திருப்பி, பழைய கணக்கைத் திறந்து காட்டினாள். கடவுச்சொல் அவளுக்கு மறக்கவில்லை, பிறக்காத மகளைக் கூப்பிட்ட செல்லப் பெயர் அது. திரையில் தலையணைராணி என்று கொட்டை எழுத்தில் வந்தது. அறையில் இருந்த எழுத்தர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதிகாரி சிரிக்கவில்லை. “நீங்கதானே எங்க ஆளுங்களுக்கு இந்த மேப்பெல்லாம் கத்துக்குடுத்தது?”

“ஆமா மேடம்.”

“உங்க கோட்ட நம்பித்தான் அவங்க தூரம் எடுத்திருக்காங்க. இது தப்புன்னா, நீங்க போட்ட மத்ததெல்லாம்?”

அந்தக் கேள்வி அவளுக்குள் ராத்திரியெல்லாம் ஓடிக்கொண்டிருந்ததுதான். “தெரியாது மேடம். அதையும் போய்ப் பாக்கணும்.”

அதிகாரி பேனாவை மூடினார். “சரி, எழுந்திரிங்க. முதல்ல இதைப் பாத்துட்டு வருவோம்.”

மரக்கடைச் சந்தின் முனையில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார்கள். அதிகாரி குழாய் அருகே போனார். ஈட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கிக் குழாய்மேல் வைத்தார். கீழே எட்டிப் பார்த்தார். காலை எடுத்துவிட்டார்.

“அம்பத்தி மூணு பிள்ளைங்களா?”

“ஆமா மேடம்” என்றார் உருண்டை சார். “ஒண்ணாங்கிளாஸ்ல மட்டும் ஒம்பது.”

ஜீப்பின் பானெட்டில் வைத்தே பட்டியலில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரை அடித்துக் கையெழுத்துப் போட்டார். உருண்டை சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். தூசி என்றார். அந்தச் சந்தில் தூசியே இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நிம்மதி. அதிகாரி விடுகிற ஆள் இல்லையே. கால்வாய்மேல் தலையணைராணி போட்ட நடைபாலங்கள் மொத்தம் எத்தனை என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று. பட்டியலில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

“இது செங்கல் சூளைப் பக்கம் இல்ல? போன வருஷமே இங்க ஒரு ஸ்கூலை அக்கரையோட சேத்துட்டாங்க. ஃபைல்ல பாத்தேன். நடக்கிற தூரம் எழுநூறுன்னு இருந்துச்சு.”

சேர்த்து ஒரு வருஷம். ஒரு வருஷமாக அந்தப் பிள்ளைகள் எந்த வழியாகப் போகின்றன?

“நாளைக்குக் காலையில போறேன் மேடம்” என்றாள்.

“போங்க. பாத்த உடனே எனக்குப் போன் பண்ணுங்க. அது எதுவா இருந்தாலும்.”

மறுநாள் பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்கே அங்கே இருக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். உருண்டை சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். “கோவம் இன்னும் போகலை. ஆனா தனியா விட மனசு வரலை” என்றார். தையல்காரர் மகளுக்குச் சக்கரத்தை யாரிடமும் கொடுக்க மனமில்லை. நானும் சேர்ந்து போட்டதுதானே என்று சொல்லி மகளும் ஒட்டிக்கொண்டாள்.

சூளையைச் சுற்றிப் பாதை வளைந்தது. அடுக்கிய செங்கல் கால்வாயை மறைத்தது. டக், டக் என்று சக்கரம் எண்ணிக்கொண்டே போனது. முந்நூற்றுப் பத்து. முந்நூற்றுப் பதினொன்று. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. நாலு மாதம் படுத்த படுக்கையாக மேலிருந்து பார்த்த ஒரு கோடு, அவ்வளவுதான்.

மகளுக்குப் பொறுமை இல்லை. ஓட்டமாக ஓடி வளைவில் மறைந்தாள். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை அவள் சாகிறவரை மறக்க மாட்டாள்.

“அம்மா! பாலம்தாம்மா! கைப்பிடியெல்லாம் இருக்கு! ஒரு தாத்தா சைக்கிள் தள்ளிட்டுப் போறாரு! பிள்ளைங்க எல்லாம் பையோட போகுது!”

அவள் அப்படியே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரையாக ஓடியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை. உருண்டை சார் சைக்கிளைச் சாத்திவிட்டு, “நல்லவேளை, நல்லவேளை” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தையல்காரர் மகள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள்.

“ஒண்ணு சரி. ஒண்ணு தப்பு. இன்னும் முப்பத்தொம்பது இருக்குக்கா.”

மகள் மூச்சிரைக்கத் திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். “வாம்மா, வீட்டுக்குப் போலாம். அதான் பாலம் இருக்கே. ஆபீஸ் ஆன்ட்டிக்குப் போன் பண்ணிடு.”

அவள் எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ பாத்துட்டே. நான் இன்னும் பாக்கலையே” என்று சொல்லிவிட்டு வளைவை நோக்கி நடந்தாள்.